கடைமடை வாசகர்

நூலகத்திலிருந்து வந்த பட்டியலில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஆய்விதழின் பெயர், பதிப்பகம், ஆண்டுச் சந்தா, போன வருடம் எத்தனை முறை டவுன்லோட் ஆனது, ஒரு டவுன்லோடுக்கு விழுந்த செலவு எவ்வளவு. ஆறாவது கட்டம் காலி. வேண்டும் அல்லது வேண்டாம் என்று அதில் நாங்கள் எழுதித் தர வேண்டும். எது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு நூலகர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றதிலேயே அது தெரிந்தது.

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் நான் மண்ணியல் நடத்துகிறேன். இது நடந்தது 2023-இல். ஒரு சனிக்கிழமை மதியம் பென்சிலோடு உட்கார்ந்தேன். சில பெயர்களுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓர் இதழின் எதிரே மட்டும் கை நின்றது. வருடம் முழுவதிலும் அதை ஐந்தே முறைதான் திறந்திருக்கிறார்கள். சந்தாவை ஐந்தால் வகுத்தால் வருகிற தொகைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம்.

அந்த ஐந்தில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். காங்கேயம் பக்கத்துப் பையன். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு ஏன் கிடைப்பதில்லை என்று பேசுகிற ஒரு கட்டுரையை அச்செடுத்து, பருவம் முழுக்கப் பையிலேயே வைத்திருந்தான். ஓரத்தில் பென்சிலால் எழுதி, இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தான். அவனை ஆய்வின் பக்கம் இழுத்தது அந்தத் தாள்தான். பட்டியலின் கணக்கில் அது ஒன்று, அவ்வளவே.

அந்த இதழுக்கு எதிரே நான் 'வேண்டாம்' என்று எழுதினேன். அதன் விலையில் எங்கள் துறைக்கு வேண்டிய வேறு இரண்டைக் காப்பாற்ற முடிந்தது. கணக்கு சரிதான். ஆனாலும் அந்தச் சொல்லை எழுதிய கை என்னுடையது என்பதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

இதை ஒரு நிர்வாகத்தின் கைச்சிக்கனம் என்று சொல்லிவிட்டால் மனசுக்குச் சுளுவாக இருக்கும். விஷயம் அதைவிடப் பெரியது. கட்டுரை எழுதுகிறவருக்குப் பதிப்பகம் காசு தருவதில்லை. அதைப் படித்துக் குறை நிறை சொல்லும் சக ஆய்வாளருக்கும் தருவதில்லை; பிள்ளைகள் தூங்கிய பிறகு அப்படி எத்தனையோ இரவுகள் நானும் உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அதே கட்டுரையை எங்கள் நூலகத்துக்கே டாலரில் விற்கிறார்கள். வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதும் கடினம். நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டி, எடுத்தால் முழுசாக எடு என்கிறார்கள். 1991 ஜூலையில் மூன்று நாளுக்குள் இரண்டு தடவை ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். 21 ரூபாய் அளவில் இருந்த டாலர் 26-ஐ நெருங்கியது. இன்று அது 85-ஐயும் தாண்டிவிட்டது. பதிப்பகம் ஒரு காசு ஏற்றாவிட்டாலும் எங்களுக்குச் சந்தா ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும். பதிப்பகங்களும் சும்மா இருக்கவில்லை.

2012 ஏப்ரலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நூலகக் குழு தன் பேராசிரியர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர் வரை போய்விட்டது, இனித் தாங்காது என்பது அதன் சாரம். உலகிலேயே பணம் மிகுந்த பல்கலைக்கழகத்தின் குரல் அது. 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்செவியர் பதிப்பகத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, இரண்டு வருடம் பொறுத்திருந்து, 2021-இல் தனக்கு ஏற்ற நிபந்தனைகளோடு திரும்பிப் போனது. பேரம் பேச அவர்களுக்கு வலு இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு பென்சில்.

சந்தா நின்ற மாதம்தான் இன்னொன்று உறைத்தது. நான் மாணவியாக இருந்தபோது லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக நூலகத்தில் புது இதழ்களைச் சாய்வுத் தட்டுகளில் அடுக்கியிருப்பார்கள். தட்டைத் தூக்கினால் உள்ளே அந்த வருடத்தின் முந்தைய இதழ்கள் கிடக்கும். வருடம் முடிந்ததும் பைண்டிங்குக்குப் போய், முதுகில் பொன்னெழுத்தோடு திரும்பி வந்து அலமாரி ஏறும். ஒரு வருடம் சந்தா கட்ட முடியாமல் போனால் வரிசையில் ஓர் இடைவெளி விழும். அதற்கு முந்தைய தொகுதிகளை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போனதில்லை. இணையத்தில் அப்படியில்லை. நாங்கள் பத்து வருடம் பணம் கட்டிய இதழ் ஒன்று, கட்டாத முதல் மாதத்திலேயே அந்தப் பத்து வருடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டது. சொந்தத் தோட்டம் என்று நினைத்திருந்தோம். குத்தகைக்கு உழுதிருக்கிறோம்.

எனக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஓய்வு பெற்று வடவள்ளியில் இருக்கிறார். போய்ப் புலம்பினேன். அவர் மேலே பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே அஞ்சலட்டைகள். ரீப்ரிண்ட் கார்டு என்பார்கள். இன்ன இதழில் வந்த உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பி உதவ வேண்டுகிறேன் என்று அச்சடித்த அட்டையில் பெயரை நிரப்பித் தபாலில் போடுவார்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ கழித்து உறையில் கட்டுரை வரும். டப்பாவில் இருந்தவை அவருக்கு வந்த அட்டைகள்: செக்கோஸ்லோவாக்கியா, பிரேசில், எகிப்து, லூதியானா.

"அப்பெல்லாம் கட்டுரை வேணும்னா எழுதுன ஆளுக்கு எழுதோணும் அம்மணி," என்றார். "இப்பக் கம்பெனிக்குப் பணங்கட்டறோம். எழுதுன ஆளு யாருன்னே தெரியறதில்ல."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வீடு வரும்வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. மறுநாள் முதல் மாணவர்களை எழுதச் சொன்னேன். முதல் மின்னஞ்சலுக்கு ஒரு வாரம் தயங்கினார்கள்; இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ, நம்மை யார் மதிப்பார்கள் என்ற பயம். எழுதியபோது பெரும்பாலும் பதில் வந்தது, பலமுறை அதே நாளில். ஒருவர் கட்டுரையோடு நிறுத்தாமல், உங்கள் பகுதி மண்ணில் சுண்ணாம்பு எத்தனை ஆழத்தில் தொடங்குகிறது என்று கேட்டிருந்தார். அந்த மாணவி அன்று முழுவதும் அந்தக் கேள்வியையே பேசிக்கொண்டு திரிந்தாள். சந்தா இருந்த காலத்தில் அவள் அந்தக் கட்டுரையை அரை நிமிடத்தில் இறக்கியிருப்பாள். அந்தக் கேள்வி வந்திருக்காது.

இழப்பை நான் அழகுபடுத்தவில்லை. நாளைக்கு ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய மாணவனால் இருபது பேருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியாது. சோத்கங்கா என்னும் இணையச் சேமிப்பகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தேடினோம். அரிய தரவுகள் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தன. இதழில் ஏறுமுன் வெளியிடும் முன்பிரதிகளைத் தேடினோம். கட்டணமில்லாத இதழ்களைத் தேடினோம். 2009 முதல் வருகிற 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்ஸா' என்னும் உயிரின ஆய்விதழை உலகில் எவரும் காசில்லாமல் படிக்கலாம். அது கோயம்புத்தூர் கணபதியிலிருந்து வெளிவருகிறது என்பது என் மாணவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் இருந்துதான் அறிவு வரும் என்று அவர்களுக்கு யார் சொன்னது? நாங்கள்தான், எங்கள் மேற்கோள் பட்டியல்கள் வழியாக.

ஒரு மாணவன் குரலைத் தாழ்த்திச் சை-ஹப் பெயரைச் சொன்னான். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பக்யான் 2011-இல் தொடங்கிய, பூட்டிய கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் தளம் அது. 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 2025 ஆகஸ்டில் அதை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. சட்டம் சட்டம்தான். அதைப் பயன்படுத்து என்று மாணவனிடம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பதைப் பற்றிப் பேசும்போது ஒரு பிள்ளை கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறான் என்றால், அந்த வெட்கத்தை அவன் தலையில் ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனசில்லை.

2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். தனித்தனி நூலகம் கெஞ்சிக்கொண்டிருந்த இடத்தில் நாடே ஒன்றாக நின்று பேசியது நல்ல காரியம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் தோழி, ஜனவரியில் போன் செய்து எல்லாம் திறக்கிறது என்றாள். குரலில் தீபாவளி. ஆனால் திட்டம் தொடங்கியபோது அதில் வந்தவை மத்திய, மாநில அரசுகளின் நிறுவனங்கள்தான். கொங்கு நாட்டில் கல்லூரி என்றாலே தனியார் கல்லூரிதான் பெரும்பாலும். தறி ஓட்டியும் மாடு வைத்தும் நகையை அடகு வைத்தும் கட்டணம் கட்டிய வீட்டுப் பிள்ளைகள் அவற்றில்தான் படிக்கிறார்கள். மருதமலை சாலையில் ஒரே பஸ்ஸில் ஏறுகிற இரண்டு மாணவர்களில் ஒருவனுக்கு 13,000 இதழ்கள் திறந்தன. மற்றவனுக்குப் பழைய பூட்டுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு ஒரு வார்த்தை உண்டு. கடைமடை. கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். முறை வந்தாலும் தலைமடைக்காரர் காட்டில் பாய்ந்து மீந்ததுதான் கடைமடைக்கு. அணை நிரம்பிய வருடத்திலும் அங்கே நிற்பவர் வாய்க்காலை எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நாங்கள்தான் கடைமடை என்று நான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது. பாதிக்கப்பட்டவர் தன் பங்கைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை.

அது ஒரு தொலைபேசி அழைப்பில் கலைந்தது. கோபிசெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிற ஒரு விவசாயியின் தோட்டத்தில் இரண்டு பருவம் நாங்கள் சோதனை வைத்திருந்தோம். சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண். இரும்பு குறைந்து இலை வெளிறும். அன்னபேதி உப்பை எப்போது, எவ்வளவு தெளித்தால் பயிர் தேறும் என்பது ஆய்வு. பாத்தி பிடிக்க ஆள் விட்டதும், மோட்டார் ரூமில் எங்கள் சாமான்களைப் பூட்டி வைத்ததும், மதியம் சோறு போட்டதும் அந்தக் குடும்பம்.

"ஏனுங்கம்மா, நம்ம காட்டுல மண்ணெடுத்துட்டுப் போனீங்களே, அதப்பத்தி என்னமோ புஸ்தகத்துல வந்துருக்குன்னு பையன் சொன்னானுங்க. அதுல என்னங்க எழுதியிருக்கீங்க?"

கட்டுரையை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தேன். அந்த இதழும் பட்டியலில் போனதுதான். என் பெயர் முதலாவதாக இருக்கும் கட்டுரையின் முதல் பக்கம் வந்து நின்றது. கீழே ஒரு கட்டம்: முழுவதும் படிக்க முப்பதுக்கு மேல் டாலர். அவருடைய மண், அவருடைய மஞ்சள். அவர் படிக்க வேண்டுமானால் அதுதான் விலை.

அந்த வாரம் வீட்டுவரி கட்டப் போயிருந்தேன். ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. வருடா வருடம் பார்ப்பதுதான், அன்றுதான் கண்ணில் பட்டது. அந்த வரிக்குப் பின்னால் இருப்பது 1948-ஆம் வருடத்துச் சென்னைப் பொது நூலகச் சட்டம். எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருடம் வாதாடிய சட்டம் அது. நிறைவேறியபோது மாகாணத்தின் கல்வி அமைச்சர் எங்கள் கோவைக்காரர், தி.சு.அவினாசிலிங்கம். அவர் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகத்தில்தான் மொடக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்த பெரியசாமித் தூரன் உட்கார்ந்து, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகத் தமிழில் கொண்டுவந்தார். கூரை உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு பங்கு வாங்கி, அறிவை அவர் வாசலுக்கே கொண்டுபோக வேண்டும் என்பது அந்தத் தலைமுறையின் எண்ணம். அந்த விவசாயி ஆயுள் முழுக்க நூலக வரி கட்டியிருக்கிறார். அவர் காட்டைப் பற்றி எழுதிய ஒரே கட்டுரையை நான் கொண்டுபோய் வைத்த இடத்துக்கு அவரால் வர முடியாது.

பதிப்பகத்துக்கு நான் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். கையெழுத்துப் போட்ட அன்று படித்ததில்லை. எங்களில் யாரும் படிப்பதில்லை. நான்கு பக்கம். பதிப்புரிமை முழுவதும் அவர்களுக்கு. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி: அவர்கள் வடிவமைத்த பக்கங்களைப் பொதுவில் வைக்கக் கூடாது, ஆனால் திருத்தம் முடிந்து ஏற்கப்பட்ட என் கைப்பிரதியை, 12 மாதம் கழிந்ததும், நிறுவனத்தின் சேமிப்பகத்தில் எவரும் படிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அந்த 12 மாதம் எப்போதோ கழிந்திருந்தது. முந்தைய கட்டுரைகளின் ஒப்பந்தங்களையும் புரட்டினேன். பலவற்றில் அதே பத்தி. பதினைந்து வருடமாகப் பூட்டைப் பற்றிப் பேசியவள் நான். சாவி ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடந்திருக்கிறது. எனக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் நின்ற பிறகுதான் என் வரப்புக்குக் கீழே ஆள் நிற்பதையே பார்த்தேன்.

கட்டணமில்லா வெளியீடு என்றதும் பெரிய இதழ்கள் வேறொரு வழி காட்டுகின்றன. வாசகரிடம் வாங்காமல் எழுதியவரிடம் வாங்குவது. 'நேச்சர்' 2020-இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ, எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். பூட்டைப் படிப்பவர் வாசலிலிருந்து கழற்றி எழுதுபவர் வாசலில் மாட்டுகிற அந்த ஏற்பாடு எங்களுக்கானதல்ல. கைப்பிரதியை ஏற்ற ஒரு பைசா செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

ஆனால் இங்கிலீஷ் கைப்பிரதியை அவருக்கு அனுப்பி என்ன செய்ய? தமிழில் இரண்டு பக்கம் எழுத உட்கார்ந்தேன். எட்டு நாள் ஆனது. இங்கிலீஷில் ஒரு சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்ட இடங்களெல்லாம் தமிழில் வெட்டவெளியாக நின்றன. கட்டுரையில் ஓரிடத்தில், மூன்று தொகுதிப் பாத்திகளில் ஒன்று மட்டும் உப்புத் தெளிக்காமலே பச்சையாக நின்றதை 'மண்ணின் இயல்பான வேறுபாடு' என்று ஒரே வரியில் தாண்டியிருந்தோம். இதழின் மதிப்பாய்வாளர்கள் இருவரும் கேட்கவில்லை. தமிழில் எழுதியபோது அந்த வரி கூச்சமாக இருந்தது. இருந்தும் அப்படியே எழுதினேன்.

தை மாதம் போனேன். மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு முழுவதும் படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"இது கெழக்கால மூலை தானுங்களே?"

"ஆமாங்க."

"அது இயல்பெல்லாம் இல்லீங்க. எங்கய்யன் காலத்துல அந்த மூலைக்கு ஏரி வண்டல் அடிச்சாருங்க. நாப்பது அம்பது வண்டி. அங்க எதப் போட்டாலும் கருகருன்னுதான் நிக்கும்." பிறகு, கோபமில்லாமல்: "அன்னிக்கே கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே."

மம்பட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மூலையில் நின்று நான்கு வெட்டு வெட்டி, குழியின் பக்கத்தைச் செதுக்கிக் காட்டினார். ஒரு முழம் வரைக்கும் கறுப்பு. அதற்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் தொடங்கியது. இரண்டும் சேருகிற கோடு கத்தியால் வெட்டியதுபோல இருந்தது. இரண்டு பருவம் நான் நடந்த இடம் அது.

அவர் சொல்லச் சொல்ல அந்தத் தமிழ்த் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டேன்: எந்த ஏரி, எந்த வருடம், எத்தனை வண்டி, அதற்குமுன் அங்கே என்ன பயிர், அப்போது இலை எப்படி இருந்தது. ஓரத்தில் இடம் போதவில்லை. தாளைத் திருப்பினேன்.